மின்சாரக் காரும் எனது சேமலாப நிதியும்

ஐம்பத்தைந்து வயதை எட்டிய ஆண் ஊழியர் தனது ஊழியர் சேமலாப நிதியை மீளப் பெற்றுக்கொள்ளலாம் என்பது எமது நாட்டின் ஏற்பாடு. அந்த வயதை நான் கடந்த வருடம் தாண்டிவிட்டேன். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைக் காரியாலயங்களில் மெய்ப்புப் பார்த்தும், செய்தி எழுதியும், பின்னர் தலையங்கம் எழுதியும் சேர்ந்த பணம் அது. கைக்கு வருமுன்னரே அதனைச் செலவழிப்பதற்கான யோசனைகள் வீட்டுக்கு வந்துவிட்டன.

"அப்பா, இனிப் பெற்றோல் கார் வைச்சிருக்கிறது விசர் வேலை. இதை வித்துப்போட்டு மின்சாரக் கார் ஒண்டு எடுங்கோ" என்கிறான் மகன். ஒஸ்லோவில் வாழும் எனது பால்ய நண்பரும் தொலைபேசியில் அதனையே வலியுறுத்துகிறார்.

நண்பர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அவர் சொல்வது நோர்வேயின் கணக்கு. 2024ஆம் ஆண்டில் அங்கு பதிவான புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதமானவை மின்சாரக் கார்கள். அது தானாக நிகழ்ந்த அதிசயமன்று. பெறுமதி சேர் வரியிலிருந்து மின்சாரக் கார்களுக்கு 2001இலேயே அந்நாட்டு அரசு விலக்களித்தது. பெற்றோல் கார்களுக்கு வரிக்கு மேல் வரி. மின்சாரமோ பெரும்பாலும் நீரிலிருந்து பெறப்படுவது. இருபது வருடங்களுக்கு மேலாக அரசே மக்களின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் அழைத்துச் சென்றிருக்கிறது.

இங்கோ 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான். திறந்த கதவின் வாசலில் தீர்வை காத்திருந்தது. மின்சாரக் காருக்கு அதன் மோட்டாரின் கிலோவாட் வலுவைக் கொண்டு உற்பத்தி வரி கணிக்கப்படுகிறது. அதன்மேல் ஏனைய வரிகள்.

ஆகவே உபதேசங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து எனது கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்.

வருடத்துக்கு நான் ஓடுவது சுமார் 8,000 கிலோமீற்றர். எனது பழைய கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும். 2025 முழுவதும் ஒக்டேன் 92 பெற்றோல் 300 ரூபாவை அண்டியே இருந்தது. அப்படியானால் கிலோமீற்றருக்கு 20 ரூபா, வருடத்துக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம். மின்சாரக் கார் ஓர் அலகுக்கு 6 கிலோமீற்றர் ஓடுவதாகக் கொள்வோம். காருக்கு மின்னேற்றத் தொடங்கினால் வீட்டுப் பட்டியல் மாதம் 180 அலகைத் தாண்டி ஆகக்கூடிய கட்டணப் படியில் போய் விழும். ஆகையால் அலகு 60 ரூபா என்று வைத்துக்கொண்டேன். கிலோமீற்றருக்கு 10 ரூபா. எனக்கு மிச்சம் வருடத்துக்கு 80 ஆயிரம் ரூபா.

இதற்காக, பழைய காரை விற்ற பின்னரும் நான் கையிலிருந்து போட வேண்டிய தொகை, விசாரித்த இடங்களிலெல்லாம் 50 இலட்சத்துக்குக் குறையவில்லை. 50 இலட்சத்தை 80 ஆயிரத்தால் பிரித்தால் அறுபத்திரண்டரை வருடங்கள். போட்ட பணம் திரும்பி வரும்போது எனக்கு வயது 118 ஆகியிருக்கும். அதே 50 இலட்சத்தை 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டால் வருடத்துக்கு 4 இலட்சம் கிடைக்கும். எனது பெற்றோல் செலவு முழுவதையும் கொடுத்துவிட்டு மிகுதியில் அரிசி, பருப்பும் வாங்கலாம். எண்ணெய் மாற்றும் செலவு இல்லை, கராஜ் செலவு குறைவு என்பவற்றைச் சேர்த்தாலும் இந்த முடிவு மாறப்போவதில்லை.

இது வெறும் ரூபாய்க் கணக்கு மாத்திரமன்று. 2015 அளவில் ஜப்பானில் பாவித்த சிறிய மின்சாரக் கார்கள் ஆயிரக்கணக்கில் இங்கு வந்திறங்கின. எனது சக பத்திரிகையாளர் ஒருவரும் ஒன்றை வாங்கினார். அவற்றின் பற்றரியைக் குளிர்விக்கத் தனியான ஏற்பாடு இருக்கவில்லை. கொழும்பு வெயிலில் பற்றரி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்புக்குப் போய்த் திரும்புவதே சாகசமாகிவிட்டது என்பார் அவர். இன்றைய பற்றரிகள் எவ்வளவோ மேல், எட்டு வருட உத்தரவாதம் பொதுவாகவே கிடைக்கிறது. ஆயினும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் பத்து நிமிடத்தில் எந்தப் பற்றரியும் நிரம்பிவிடாது.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வசிக்கும் நம்மவர்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. கார் நிற்பது கீழே, மின்மானி இருப்பது ஐந்தாம் மாடியில். வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரரிடமும் முகாமைத்துவக் குழுவிடமும் அனுமதி கேட்க வேண்டும். சொந்த வளவும் வாசலும் உள்ளவருக்கு இருக்கும் வசதி இது. இதைப்பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை.

2022ஐ மறந்துவிட்டீர்களா என்று மகன் கேட்கிறான். மறக்கவில்லை. அந்த வருடம் ஜூன் மாத இறுதியில் பெற்றோல் 470 ரூபாவானது. பின்னர் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரப் பங்கை வாங்கினோம். அதற்கும் முன்னர், 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைவிட்டு ஓடிய மொறிஸ் மைனர்களில் பயணம் செய்தவன் நான். எரிபொருளே இல்லாத நாளில் எந்த இலாப நட்டக் கணக்கும் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது என்பதை மகன் வசதியாக மறந்துவிடுகிறான்.

அப்படியானால் மின்சார வாகனம் யாருக்கு இலாபம்? எங்கள் ஒழுங்கைச் சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதிக்கு! அவர் நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர், மாதத்தில் 25 நாட்கள் ஓடுகிறார். பெற்றோலுக்குக் கிலோமீற்றருக்கு 12 ரூபா. அலகுக்கு 15 கிலோமீற்றர் ஓடும் மின்சார முச்சக்கரவண்டி என்றால் 4 ரூபா. மாதம் 20 ஆயிரம் ரூபா மிச்சம். வண்டிக்கு 10 இலட்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நான்கு வருடங்களுக்குச் சற்று மேலான காலத்தில் அடைபட்டுவிடும். ஆனால் அவருக்கு அந்தப் பத்து இலட்சம் லீசிங் வட்டியில்தான் கிடைக்கும். வட்டியைச் சேர்த்தால் ஆறேழு வருடங்கள். அதற்குள் பற்றரியின் உத்தரவாதமும் முடிந்துவிடக்கூடும்.

நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கரவண்டிகள் பதிவாகியுள்ளன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிகையாகிவிட்டது, கூரைமேல் உள்ள சூரியப் படலங்களை நிறுத்தி வையுங்கள் என்று இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மத்தியான வேளையில் சந்திகளில் சவாரியின்றி நிற்கும் வண்டிகளுக்கு அந்த மின்சாரத்தை மலிவாகக் கொடுத்தால் என்ன? குறைந்த வட்டியில் அவர்களுக்குக் கடன் கொடுத்தால் என்ன? என்னைப் போன்றவர்கள் கார் வாங்குவதற்குச் சலுகை கொடுப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நியாயமானது.

சாரதியிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கணக்கு எனக்கும் தெரியும் ஐயா. முற்பணம் யார் குடுக்கிறது?"

மகனிடமும் தாளைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்கட காரை என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டான். அடுத்த கிழமை கராஜில் விட்டுக் கிளச் மாற்ற வேண்டும்.