வாச்சாத்தியின் மற்ற 198 பேர்

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்புறம் கடத்தலுக்குத் துணைபோனதாகச் சொல்லி அந்தப் பெண்களையே சேலம் சிறையில் அடைத்தார்கள்.

வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். பன்னிரண்டு வருடம் கழித்து, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அத்தனையையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அதில் 5 லட்சத்தை வன்கொடுமை செய்தவர்களிடமே வசூலிக்க வேண்டும் என்றார். அப்போதைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். முப்பத்தொரு வருடம்.

தண்டிக்கப்பட்ட 215 பேரில் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள் 17 பேர். நம் கூட்டங்களில் வாச்சாத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த 17 பேரைப் பற்றிப் பேசுவார்கள், அரசைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். என்னை உறுத்துவது மற்ற 198 பேர்.

அவர்கள் யார்? வனக் காவலர், கான்ஸ்டபிள், ஜீப் ஓட்டியவர், கணக்கு எழுதியவர். பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் மனைவி, மகள், தங்கை இருந்தவர்கள். சிலர் அடித்தார்கள், சிலர் தடயத்தை அழிக்க உதவினார்கள், சிலர் சும்மா நின்றார்கள். 17 பேரால் தனியாக ஒரு ஊருக்குள் போய் 18 பெண்களை இழுத்துக்கொண்டு போக முடியாது. சுற்றி நிற்கிற இருநூறு பேர் வாய் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் முடியும். அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. நடந்தது வெளியே தெரிந்தது ஊர் மக்கள் வாயிலாக, மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் வாயிலாக. சீருடை போட்டவர்கள் வாயிலாக அல்ல.

பாலியல் வன்கொடுமையைத் தடுப்பதில் ஆண்களின் பங்கு என்ற தலைப்பில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இளைஞர்களோடு பேச என்னை அடிக்கடி கூப்பிடுகிறார்கள். போனவுடன் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அக்கா, நாங்க யாரும் அப்படி இல்லையே, எங்ககிட்ட ஏன் சொல்றீங்க?" உண்மைதான் தம்பி. அந்த 17 பேரில் ஒருவனாக நீ இருக்க மாட்டாய். 198இல் ஒருவனாக இருக்கிறாயா என்பதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் நம் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி மீது பாலியல் வன்கொடுமை. எஃப்ஐஆர் அந்தப் பெண்ணின் அடையாளத்தோடு வெளியே கசிந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி குற்றம். அதற்கெல்லாம் யார் கவலைப்பட்டார்கள்? கோபமாக இரண்டு வரி எழுதி, கீழே அந்த எஃப்ஐஆரையும் சேர்த்துப் போட்ட ஆண்களை நான் பார்த்தேன். ஒரு கட்சித் தலைவர் தன் வீட்டு வாசலில் நின்று கேமராக்களுக்கு முன்னால் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொண்டார். இன்னொரு கட்சி 'யார் அந்த சார்' என்று போஸ்டர் அடித்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. 2025 ஜூன் 2இல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. 30 வருடத்துக்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும். வழக்கு நல்லபடியாக முடிந்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்த ஐந்து மாதக் கூச்சலில் பெண்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் எத்தனை, ஆண்களுக்குச் சொல்லப்பட்டவை எத்தனை? ஆப் வைத்துக்கொள், இருட்டில் போகாதே, ஆண் நண்பனோடு உட்காராதே. எல்லாம் அவளுக்கு. அவனுக்கு ஒரு வரி இல்லை.

அவனுக்கு என்று இருப்பது ஒரே ஒரு வசனம்: "சுட்டுத் தள்ளணும்." 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே நான்கு பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது நாடே பட்டாசு வெடித்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அது ஜோடிக்கப்பட்ட என்கவுன்டர், 10 போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று 2022இல் சொன்னது. போலீஸின் துப்பாக்கி எந்தச் சேரிப் பக்கம் திரும்பும் என்று நமக்குத் தெரியாதா என்ன? வாச்சாத்திக்குப் போனதும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள்தானே.

இன்னொரு வார்த்தையும் நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பாதுகாப்பு. "நம்ம வீட்டுப் பொண்ணுங்களை நாமதான் பாதுகாக்கணும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே தருமபுரி மாவட்டத்தில், வாச்சாத்தி நடந்து இருபது வருடம் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்களே, அதுவும் பெண்ணைப் பாதுகாக்கத்தான். ஒரு வன்னியப் பெண் தலித் இளைஞரை விரும்பித் திருமணம் செய்தார், அவ்வளவுதான் நடந்தது. 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2013 ஜூலை 4 அன்று அந்த இளைஞர் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளான மாவட்டத்தில் அன்று வெகுண்டு எழாத ஆண்கள், ஒரு பெண் தன் விருப்பத்தில் தாலி கட்டிக்கொண்டதும் தீப்பந்தம் எடுத்தார்கள். அவர்கள் காத்தது பெண்ணை அல்ல, சாதியின் வேலியை. அம்பேத்கர் 1916இல், இருபத்தைந்து வயதில், கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்: அகமணம் நிற்க வேண்டுமென்றால் பெண்ணைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும், உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமி மணம் எல்லாம் அதற்கான ஏற்பாடுகள். சமூகவியல் படிக்கிற பிள்ளைகள் இன்னும் அதைப் படிக்கவில்லை என்றால் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைப் படியுங்கள்.

பெண்ணைக் காக்கிறேன் என்கிற ஆண் அவளுடைய முதலாளி ஆகிறான். அவன் எங்கள் தெருவைச் சேர்ந்தவனாக இருந்தாலும் அப்படித்தான்.

இங்கேதான் நம் தோழர்களுக்குக் கோபம் வரும். 'நாடகக் காதல்' என்று ஒரு கட்சியே கிளம்பி நம் பையன்களின் ஜீன்ஸையும் கூலிங் கிளாஸையும் குற்றமாக்கியது. காதலித்தால் போக்சோ. 2021 ஜனவரியில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காதல் விவகாரத்தில் போடப்பட்ட போக்சோ வழக்கை ரத்து செய்தார். இந்தச் சட்டம் வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்க வந்ததல்ல என்றார். நம் பையன்களுக்கு எதிராக இப்படி ஒரு இயந்திரமே ஓடும்போது, நம் ஆட்களின் தவறை நாமே வெளியே பேசலாமா, எதிரிக்குத் தீனி போடலாமா என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. பதில்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவதூறுக்குப் பதில் மௌனம் என்றால், அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவள் யார்? ஆதிக்க சாதிக்காரனிடமும் போலீஸிடமும் அடி வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே நடப்பதையும் 'சமூகத்துக்காக' விழுங்கிக்கொள்ள வேண்டியவள் தலித் பெண். தலித் பெண்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு 1995இல் எழுதினார். சர்மிளா ரேகே 1998இல் அந்த விவாதத்தை மேலே கொண்டுபோனார். அவர்கள் எழுதி முப்பது வருடம் ஆகப் போகிறது. நம் மேடைகளில் அந்தப் பேச்சு இன்னும் 'மகளிர் அணி அமர்வு' என்ற பெயரில் மதிய சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது. பாதிப் பேர் கிளம்பிய பிறகு.

காதலுக்கும் வன்முறைக்கும் நடுவே கோடு எங்கே என்று நம் பையன்கள் தாங்களே தெளிவாகச் சொல்லப் பழகினால்தான் 'நாடகக் காதல்' என்பவனின் வாயை அடைக்க முடியும். "வேணாம்னு சொன்னா, மச்சான், பின்னாடி போவாத." இதைச் சொல்ல வேண்டியவன் நண்பன். நான் சொன்னால் அக்கா கிளாஸ் எடுக்கிறாள் என்பான்.

மச்சான் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். திருத்தணி, அரக்கோணம் பக்கமிருந்து ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் வழியாக சென்ட்ரலுக்குப் போகிற காலை ரயிலில் ஏறியவர்களுக்குத் தெரியும். ரூட்டு தலைக்காகப் பிளாட்பாரத்தில் கல்லடி படத் தயாராக இருக்கிறான், நண்பனுக்காக ஜெயிலுக்குப் போகிறான். அதே பெட்டியில் அதே நண்பன் ஒரு பெண்ணைப் பார்த்து அசிங்கமாகப் பாடும்போது மட்டும் இவனுக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதோ தெரிகிறது. கத்தியை எதிர்கொள்ளத் துணிவிருக்கிறது. "டேய், நிறுத்து" என்ற இரண்டு வார்த்தைக்குத் துணிவில்லை. இது கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. கூட்டத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற பயம். சாதியும் இதே பயத்தை வைத்துத்தான் ஓடுகிறது, ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில்.

பொள்ளாச்சியைப் பாருங்கள். ஒன்பது பேர். பழகுவது, வரவழைப்பது, படம் எடுப்பது, மிரட்டுவது. ஒரு பெண் 2019 பிப்ரவரியில் துணிந்து புகார் கொடுத்தார், அடுத்த சில நாட்களில் அவர் அண்ணனை அடித்தார்கள், மாவட்ட எஸ்.பி.யே பத்திரிகையாளர்கள் முன் அவர் பெயரைச் சொன்னார். இவ்வளவுக்குப் பிறகும் சாட்சிகள் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்து, பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. துணிந்தவர்கள் பெண்கள். அந்த ஒன்பது பேரின் வகுப்புத் தோழர்கள், டீக்கடை நண்பர்கள், 'அவனுங்க சரியில்ல' என்று அரசல்புரசலாகத் தெரிந்து ஒதுங்கிப் போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒதுங்கிப் போனவன் நல்லவன் என்று நாம் சொல்கிறோம். அவனுக்கும் அந்த 198க்கும் எவ்வளவு தூரம்?

"நான் ஒருத்தன் போய்த் தடுத்தா என்னை அடிச்சுப் போட்டுடுவானுங்க அக்கா" என்பார்கள். சினிமா பார்த்த மயக்கம் இது. இருட்டுச் சந்து, முகம் தெரியாத ரவுடி, குறுக்கே பாய்கிற ஹீரோ. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 கணக்கில் பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,677. அவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவன் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை செய்கிறவன், காதலன். அவளுக்குத் தெரிந்தவன் என்றால் பெரும்பாலும் உனக்கும் தெரிந்தவன். நீ பாய வேண்டியதில்லை. அவன் போனிலிருந்து படம் வரும்போது "இதை அழி, இல்லன்னா நானே புகார் கொடுப்பேன்" என்று சொல்ல வேண்டும். அவள் புகார் கொடுத்தால் சாட்சிக்கு வர வேண்டும். "அவ எப்படிப்பட்டவ தெரியுமா" என்று டீக்கடையில் ஆரம்பிப்பவனை அங்கேயே நிறுத்த வேண்டும். சித்தப்பாவாக இருந்தாலும்.

எங்கள் எஸ்டேட்டில் இதற்கு வேலை நிறைய இருக்கிறது. அம்பத்தூரில் பெரிய கம்பெனிகளைவிடச் சின்னப் பட்டறைகள்தான் அதிகம். எட்டுப் பேர், ஒன்பது பேர். 2013ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பத்துக்குக் குறைந்தாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். அம்பத்தூர் என்றால் சென்னை மாவட்டம். ஆவடி, பூந்தமல்லி என்றால் திருவள்ளூர். பேக்கிங் பிரிவில் இருக்கும் பெண்ணுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கேட்டால் வேலை போகும். பக்கத்து மெஷினில் நிற்கிற ஆண் தொழிலாளி கேட்கலாம். "குழு யாரு சார், பேரை போர்டுல போடுங்க." போனஸுக்குக் கேட் முன்னால் நிற்கத் தெரிந்த சங்கத்துக்கு இது தெரியாதா?

நம் அமைப்புகளின் கதை இன்னும் மோசம். கட்சிகளுக்கு இந்தக் குழு கட்டாயமில்லை என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே முதலாளி, தொழிலாளி உறவு இல்லையாம். ஆக, சட்டம் வந்து நம்மைக் கட்டாயப்படுத்தாது. தோழர் மீது புகார் வந்தால் இரண்டு மூத்த தோழர்கள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு, "இயக்கத்துக்குக் கெட்ட பேரு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டு வருகிற வழக்கம்தான் இன்றுவரை இருக்கிறது. அந்த இரண்டு பேரும் நல்லவர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தலைகீழாகச் சொல்லுவார்கள். எஃப்ஐஆர் போட மறுத்த காவல் நிலைய வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள்.

வருகிற ஏப்ரல் 14க்கு ஆவடியிலும் அம்பத்தூரிலும் கூட்ட ஏற்பாடு செய்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு அமைப்பிலும் ஐந்து பேர் கொண்ட புகார்க் குழு வேண்டும். மூன்று பேராவது பெண்கள், ஒருவராவது அமைப்புக்கு வெளியே இருப்பவர். பெயரும் போன் நம்பரும் நோட்டீஸிலேயே அச்சாக வேண்டும். இதை எழுதிக்கொண்டு வந்து முன்மொழிய வேண்டியவர்கள் பெண்கள் இல்லை, நீங்கள். மேடையில் யாருக்கு எத்தனை நிமிடம், பேனரில் யார் படம் எவ்வளவு பெரிது என்று மூன்று கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கிறோமே, அதில் ஒரு கூட்டத்தை இதற்கு விடுங்கள்.