இரண்டாவது பட்டம் யாருக்கு?

சீனாவில் ஒரு மாணவர் என்ன படிப்பார் என்பதை அவரது ஆசை முடிவு செய்வதில்லை. 'காவ்காவ்' எனப்படும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்தான் முடிவு செய்கிறது. பல மாகாணங்களில் விண்ணப்பத்திலேயே "வேறு துறை ஒதுக்கினாலும் சம்மதமா?" என்று கேட்பார்கள். சம்மதம் இல்லை என்றால் அந்தப் பல்கலைக்கழகமே கை நழுவலாம். சம்மதித்தால், சட்டம் கேட்டவருக்கு மண்ணியல் கிடைக்கும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு இருந்த சன்னல்தான் மைனர் படிப்பும் இரண்டாவது பட்டமும். பீக்கிங் பல்கலைக்கழகம் 1990களிலேயே மற்ற துறை மாணவர்களுக்குப் பொருளாதாரத்தில் இரண்டாவது பட்டம் கொடுத்தது. ஊகானில் ஏழு பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்தன. வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பெண், நகரின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் சட்டமும் படிக்க முடிந்தது.

2019இல் விதி மாறியது. மைனர் பட்டத்துக்கு இனித் தனிச் சான்றிதழ் கிடையாது. முதன்மைப் பட்டச் சான்றிதழில் ஒரு குறிப்பாக மட்டும் வரும். முதன்மைப் பட்டம் கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. இரட்டை இளங்கலைப் பட்டம் என்பது தனித் திட்டமானது. அதற்கு நுழைவுத் தேர்வு மூலமாகவே ஆள் எடுக்க வேண்டும்.

தரத்தைக் காக்கத்தான் இது என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வார இறுதி வகுப்பில் தலையைக் காட்டிவிட்டு இன்னொரு முழுப் பட்டம் வாங்குவது நியாயமா என்ற கேள்வி அங்கே வெகுநாளாக இருந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். பள்ளி முடிக்கும்போதே அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு இரண்டு பட்டம். குறைவாக எடுத்து, பிடிக்காத துறையில் விழுந்து, இரண்டாம் ஆண்டில் நிமிர்ந்து நிற்பவருக்கு ஒரு குறிப்பு! தவறவிட்டவருக்கான மறுவாய்ப்பு, ஏற்கெனவே ஜெயித்தவருக்கான பரிசாகிவிட்டது.

அந்த மதிப்பெண்ணாவது சமமான தராசில் நிறுக்கப்படுகிறதா? இல்லை. இடங்கள் மாகாணவாரியாகப் பங்கிடப்படுகின்றன. ஹெனான் மாகாணத்தில் 2023இல் தேர்வு எழுதியவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். '211' என்ற அரசின் முன்னணிப் பட்டியலில் அங்கே இருந்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம். பெய்ஜிங்கில் இருபதுக்கும் மேல். பெற்றோர் பெய்ஜிங்கில் கட்டட வேலை செய்தாலும், குடும்பப் பதிவான 'ஹுகோ' ஊரில் இருந்தால் பிள்ளை பொதுவாக ஊருக்குத் திரும்பித்தான் தேர்வு எழுத வேண்டும். பிறந்த இடத்தை வைத்து வாசலை அளப்பது நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமல்ல, தோழர்களே.

மைனருக்குப் பல இடங்களில் கிரெடிட் கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. வகுப்புகள் பெரும்பாலும் மாலையிலும் வார இறுதியிலும். ட்யூஷன் எடுத்துச் சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மாணவருக்குச் சம்பாதிக்கக் கிடைக்கும் நேரமும் அதுதான்.

2020இல், வேலையின்மை நெருக்கியபோது, பட்டம் முடித்தபின் படிக்கும் 'இரண்டாம் இளங்கலை'யை மீண்டும் விரிவாக்கினார்கள். அது இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. இரண்டு ஆண்டு வருமானம் இல்லாமல் இருக்க எந்த வீட்டால் முடியும்?

பின்தங்கிய பகுதிகளின் மாணவர்களுக்கு 2012 முதல் தனி ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது சேர்க்கை வாசலோடு நின்றுவிடுகிறது. அப்படி உள்ளே வருபவர்களுக்கு மைனர் கட்டணத்தை ரத்து செய்யட்டும். இரட்டைப் பட்டத் திட்டங்களில் ஒரு பங்கு இடங்களை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் திறக்கட்டும். அதற்குக் கல்லூரியில் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் போதும்.