உதகையும் நாமும்

கோடை பிறந்தால் சென்னை அரசாங்கம் பரிவாரத்தோடு உதகமண்டலம் ஏறிய காலம் ஒன்றிருந்தது. வெயிலில் வாடும் ஜனங்களைக் கீழே விட்டுக் குளிரில் அமர்ந்து ஆள்வது தர்மமா என்று நம்மவர் கேட்டனர். இன்று ஆள்வோரும் நாமே, மலையேறுவோரும் நாமே. மே மாதத்தில் நம் மோட்டார்கள் வழியடைக்க, அவ்வூரார் வைத்தியசாலைக்குச் செல்லவும் காத்து நிற்கின்றனர். ஆகவே, சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் மலையேறும் வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டை விதித்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளென வரையறுத்தது. இது சுதந்திரத்துக்குப் பங்கம் என்பார் சிலர். பிறர் வாயிலை அடைத்து நிற்பது சுதந்திரமாகுமா? அரசாங்க பஸ்ஸில் செல்வோருக்குச் சீட்டே வேண்டுவதில்லை. மலை யாவர்க்கும் பொது, பாதையோ குறுகியது. அன்று துரைமாரைக் கேட்ட கேள்வியை இன்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.