தங்கக் கொடி கட்டியவர்களின் கடமை

அமெரிக்காவின் கிழக்குப் பாதியைப் படகிலேயே சுற்றி வந்துவிடலாம் என்பது இங்கே நெடுநாளாக இருக்கும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறி, ஹட்சன் ஆறு, 1825-இல் திறந்த ஈரி கால்வாய், பேரேரிகள், சிகாகோ, மிசிசிப்பி என்று இறங்கி, மெக்சிகோ வளைகுடா வழியே ஃபுளோரிடாவைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வழி அது. சுமார் 6,000 மைல். ‘கிரேட் லூப்’ என்கிறார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள். ஏறக்குறைய ஓராண்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

இவர்களுடைய சங்கம் 1999-இல் தொடங்கியது. அக்டோபரில் பல ஆண்டுகளாக அவர்கள் கூடிவந்த இடம், அலபாமாவில் டென்னசி ஆற்றங்கரையில் உள்ள ஜோ வீலர் பூங்கா. ஹன்ட்ஸ்வில்லில் நான் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். படகு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். மனைவியும் நானும் போனோம்.

அந்தப் பூங்கா அவர்கள் போகும் வழியில் இல்லை. மிசிசிப்பியை விட்டு டென்னசி ஆற்றுக்கு வரும் படகுகள் 1985 முதல் இயங்கும் டென்னசி–டாம்பிக்பீ நீர்வழியில் திரும்பித் தெற்கே இறங்க வேண்டும். அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டு, சுமார் 60 மைல் எதிர்நீரோட்டத்தில் ஏறி, படகை 90 அடிக்கு மேல் தூக்கிவிடும் வில்சன் லாக்கையும், அடுத்து வீலர் லாக்கையும் கடந்து வருகிறார்கள். பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். டீசலும் நாளும் செலவழித்து ஏன் வருகிறார்கள் என்பது அன்று மாலை எனக்கு விளங்கியது.

ஒவ்வொரு படகின் முகப்பிலும் ஒரு சிறு கொடி. சுற்றைத் தொடங்கியவர்களுக்கு வெள்ளை. முடித்தவர்களுக்குத் தங்க நிறம். சாயங்காலம் டாக் பலகைகளின் மேலேயே மடக்கு நாற்காலிகளைப் போட்டு, ஆளுக்கொரு பண்டத்தோடு உட்காருகிறார்கள். யாரும் யாருடைய பழைய உத்தியோகத்தையும் கேட்கவில்லை. வெள்ளைக் கொடிக்காரர் தங்கக் கொடிக்காரரைத் தேடிப் போகிறார், கேள்வி கேட்கிறார். பதில் சொல்லாமல் ஒருவரும் நழுவவில்லை.

கேள்வியெல்லாம் அச்சத்திலிருந்து வருபவை. கேரபெல்லிலிருந்து டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் வரை சுமார் 170 மைல் திறந்த வளைகுடா. மெதுவான படகுக்கு முழு இரவும் கடல்தான். எழுபதைக் கடந்த ஒரு அம்மா, காகிதத்தில் கோடு போட்டு ஓர் இளைய தம்பதிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். விடிந்ததும் அவசரப்பட்டுக் கரையை நெருங்கக் கூடாது; சூரியன் நேர் எதிரே இருக்கும்; நண்டுப் பொறிகளின் மிதவைகள் கண்ணில் படாது; கயிறு புரொப்பெல்லரில் சிக்கினால் படகு அங்கேயே நின்றுவிடும். வெயில் ஏறிய பிறகு போங்கள் என்றார். வரைபடம் மிதவைகளைக் காட்டாது. அந்த வழியில் போய்வந்தவர்தான் சொல்ல முடியும்.

வசதிக்காரர்களின் பொழுதுபோக்குதானே என்று என் தம்பி போனில் கேட்டான். செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜெட் ஸ்கியில்கூட இந்தச் சுற்றை முடித்தவர்கள் இருக்கிறார்கள். சிகாகோவுக்குத் தெற்கே சுமார் பத்தொன்பதரை அடி உயரத்தில் ஒரு நிலையான பாலம் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய படகானாலும் அதற்குக் கீழே குனிந்தே போக வேண்டும். பணத்தால் தீராத விஷயங்கள் தண்ணீரில் நிறைய உண்டு. அவற்றுக்காகத்தான் இந்தக் கூட்டம்.

என் ஆதங்கம் இதுதான். நம் தமிழ்ச் சங்க விழாக்களில் மூத்தவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுக்கிறோம், இறக்கிவிடுகிறோம். முதல் தலைமுறையாக இங்கே வந்து விசா, வேலையிழப்பு, ஊரில் பெற்றோரின் கடைசி நாட்கள் என எல்லாவற்றையும் கடந்தவர்கள் அவர்கள். நேற்று வந்த பிள்ளைகள் அதே பயங்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரு தரப்பும் பேசிக்கொள்ள நாம் நேரமே ஒதுக்குவதில்லை. கௌரவம் என்பது அடுத்து வருபவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்று அந்தப் படகுக்காரர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ச் சங்கத்தாரிடம் நான் கேட்டிருப்பது ஒரு மணி நேரம். பொங்கல் விழாவில் மேடையில்லாமல், மைக் இல்லாமல், மூத்தவர்களும் புதியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேச. மற்ற ஊர்ச் சங்கங்களும் இந்த ஆண்டே இதைச் செய்து பார்க்க வேண்டும்.