மிச்சம் வந்த எண்ணெய்

போன மாதம் பேரங்காடியில் மலிவு விற்பனை. கார் எஞ்சின் எண்ணெய் நான்கு லிட்டர் போத்தலை நானே வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என் சின்னக் காருக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடித்தது. மிச்சத்தை வீணாக்குவானேன்? வீட்டுக்கு வந்து, அப்பாவின் கப்சாயில் பழையதை வடித்துவிட்டு அதை ஊற்றினேன். மின்யாக் ஹித்தாம் எல்லாம் ஒன்றுதானே!

ஒரு வாரம் கழித்து அப்பா கேட்டார். “என்னம்மா ஊத்துன? முறுக்குனா சத்தம்தான் வருது, வண்டி இழுக்க மாட்டேங்குது.”

பட்டறை அண்ணன் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நல்ல எண்ணெய்தான் தங்கச்சி. ஆனா மோட்டாருக்கு இல்ல.”

மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கிளட்ச் தட்டுகள் அதிலேயே ஊறிக் கிடக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்தும் கார் எண்ணெயிலோ உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். எஞ்சினுக்கு அது நல்லது. பிடித்து இழுக்க வேண்டிய கிளட்சுக்கு வழுக்கல். அதனால்தான் மோட்டார் எண்ணெயில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்று போட்டிருக்கும். முச்சந்தியில் லாரி வரும் நேரம் வண்டி இழுக்காமல் நின்றிருந்தால்? அப்பா அதைச் சொல்லவில்லை. நான்தான் இரண்டு நாள் தூங்கவில்லை.

இப்போதெல்லாம் போத்தலின் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பந்தயக் கார் படம், தங்க நிற எழுத்து, யாருக்கு வேண்டும்? பின்பக்கம்தான் விஷயம்.

‘5டபிள்யூ-30’ என்பதில் டபிள்யூ, வின்டர், அதாவது குளிர்காலம். அந்த 5, மைனஸ் 30 டிகிரியில் சோதித்துக் கொடுக்கும் தரம். கேமரன் மலையில்கூட நமக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் வரும் 30தான் எஞ்சின் சூட்டில், 100 டிகிரியில், எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கான எண். ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியாத்தான் ஊத்தணும்’ என்று மாமாக்கள் சொல்வார்கள். வெயில் 35 டிகிரி; எஞ்சின் எங்கேயோ இருக்கிறது. 20 போடச் சொல்லிக் கையேட்டில் இருந்தால் 20தான். அந்த எஞ்சினின் இடுக்குகளை அதற்கென்றே செய்திருக்கிறார்கள்.

அடுத்து ஏ.பி.ஐ. எழுத்து. பெட்ரோல் காருக்கு எஸ்.என். வந்தது 2010இல், எஸ்.பி. 2020இல். இரண்டாவது எழுத்து பின்னால் போகப் போகத் தரம் புதியது. கையேடு கேட்பதைவிடப் பழைய எழுத்து என்றால், எவ்வளவு மலிவானாலும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

‘செமி சிந்தெடிக்’ என்ற சொல்லை மட்டும் நான் நம்புவதில்லை. எத்தனை பங்கு சிந்தெடிக் என்று போத்தலில் எழுதுவதில்லையே! கையேடு கேட்கும் எண்ணும் எழுத்தும் சரியாக இருந்தால், பெயருக்காக இன்னொரு முப்பது வெள்ளி கொடுக்க மாட்டேன். இணையத்தில் பாதி விலைக்கு வருவதையும் தொட மாட்டேன். போலிக்கும் அதே ஒட்டுத்தாள்தான்.

கார் எண்ணெய் மிச்சம் இப்போது மூடி இறுக்கி, கார் பொனட்டில் குறைந்தால் ஊற்றிக்கொள்ளக் காத்திருக்கிறது. அப்பாவுக்குத் தனியாக ஒரு லிட்டர் போத்தல். மூடியில் மார்க்கரால் ‘அப்பா’ என்று எழுதியிருக்கிறேன்.