ஒட்டடை அடிக்கும் மாதம்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். பரண்மேல் கிடந்த பெட்டிகள் இறங்கும். சுவர்களுக்குச் சுண்ணாம்பு ஏறும். பதினோரு மாதம் கட்டிலை விட்டு நகராத மெத்தை திண்ணைக்கு வரும். வீட்டைத் தூய்மை செய்து விழாவை வரவேற்பது நல்ல வழக்கமே. ஆனால் ஈளை நோயுள்ள பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வாரங்கள் ஆண்டிலேயே கொடிய வாரங்களாக அமைந்துவிடுவதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய எட்டு வயது மகன் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் மூச்சிரைத்துப் படுத்துவிடுகிறான். மூன்று ஆண்டுகளாக நள்ளிரவுத் திருப்பலிக்கு அவன் வரவில்லை. மாமியார் மாலைதோறும் சாம்பிராணி போடுகிறார். பக்கத்து வீட்டார், “இன்ஹேலரைப் பழக்கினால் பிறகு விடவே முடியாது, நிறுத்திவிட்டு இயற்கை முறையில் வீட்டைச் சுத்தம் செய்” என்கிறார்கள். என்ன செய்யலாம், சுவாமி, என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா, மருத்துவர் கொடுத்த ஊதுமருந்தை அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். அது போதைப் பொருளன்று. சுருங்கிய மூச்சுக்குழாய்க்கு வேண்டிய மருந்து. வீட்டுத் தூய்மை அதற்குத் துணை நிற்குமேயன்றி, அதன் இடத்தைப் பிடிக்காது. பிள்ளை பேச இயலாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ மருத்துவமனைக்கு ஓடவேண்டுமே தவிர, ஒட்டடை அடிக்கும் நேரம் அதுவன்று.

ஒவ்வாமை என்று நாம் தமிழில் வழங்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906ஆம் ஆண்டு உருவாக்கியவர் வியன்னா நகர மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. மருத்துவம் கற்பதற்கு முன் இவர் இறையியலும் மெய்யியலும் பயின்றவர் என்பதில் குருமடம் கண்ட என் போன்றோருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைச் சிலருடைய உடல் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. ஆகவே, “எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே, இவனுக்கு மட்டும் ஏன்?” என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

அந்தப் பகைவர்களுள் முதன்மையானது தூசியில் வாழும் ஒரு நுண்பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராத உயிர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களே அதற்கு உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் தலையணைகளும் மெத்தைகளும் ஈரம் கோக்கும்போது அதற்குக் கொண்டாட்டந்தான். பிள்ளைக்கு இரைப்பைத் தூண்டுவது பெரும்பாலும் அதன் கழிவு. ஆதலால் பூச்சியைக் கொல்வது மட்டும் போதாது, கழிவையும் வெளியேற்றியாக வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த மருந்து எதுவும் வேண்டியதில்லை. வெந்நீரும் வெயிலும் போதும். விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒரு முறை 55 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் துவைத்தால் பூச்சி மடியும். கழிவும் கரைந்து போகும். வெப்பமானி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். கொதிக்கும் நீர் ஒரு பங்கும் குழாய் நீர் ஒரு பங்கும் சேர்த்தால் 60 பாகையைத் தாண்டிவிடும். கையை விடாமல் கோலால் அமிழ்த்தி மூடி வைத்து, ஆறிய பிறகு கசக்குங்கள். சிறு பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். இலவம் பஞ்சுத் தலையணையையும் மெத்தையையும் மழை விட்ட நாள்களில் உச்சி வெயிலில் இருபுறமும் திருப்பிக் காயவையுங்கள். பின்பு தட்டுவதை வீட்டுக்கு வெளியே, பிள்ளை இல்லாத வேளையில் செய்யுங்கள். பழைய மெத்தையைக் காட்டிலும், உதறிக் காயப்போட எளிதான கோரைப்பாய் அந்தப் பிள்ளைக்கு ஏற்றது. பாயில் படுப்பது வறுமையின் அடையாளம் என்று எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

உலர்ந்த துடைப்பம் தூசியை அகற்றுவதைவிட இடம் மாற்றுவதே அதிகம். கிளப்பிய தூசி காற்றில் நெடுநேரம் மிதந்து மீண்டும் தலையணையிலேயே படியும். ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். திருவிருதயப் படத்தின் சட்டமும் பீடத்திலுள்ள நெகிழிப் பூக்களும் இதில் அடங்கும். அந்தப் பூக்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவற்றின் உண்மை நிறம் என்னவென்று வீட்டாருக்கே மறந்து போயிருக்கும்.

சுவரில் கறுப்பாகப் படரும் பூஞ்சணம் இரண்டாம் பகைவன். மழைநீர் எங்கே இறங்குகிறது என்று கண்டு அடைக்காமல் மேலே வெள்ளையடிப்பது வீண்செலவு. பூஞ்சணத்தை உலர்ந்தபடி சுரண்டாமல், சலவைச் சோடா கரைத்த நீரால் நனைத்துத் தேய்த்தெடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது. நம் முன்னோர் ஆண்டுதோறும் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டுமன்று. எல்லாவற்றுக்கும் வினிகரே மருந்து என்று இப்போது சிலர் சொல்லுகிறார்கள். கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் அது நல்லது. சுண்ணாம்புச் சுவரிலோ அது காரத்தை முறித்துவிடும், பளிங்குத் தரையையும் அரித்துவிடும்.

இயற்கையானதெல்லாம் தீங்கற்றது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. சாம்பிராணியும் வேப்பிலையும் இயற்கையே. ஆயினும் அவற்றின் புகை இரைப்புள்ள பிள்ளைக்குக் கொசுவர்த்திச் சுருளின் புகையைப் போலவே பகை. சீயக்காய்த் தூளும் மூக்கில் ஏறினால் தும்மலைத்தான் தரும். பட்டுத்துணி துவைக்கப் பூந்திக்கொட்டையைத் தூளாக்காமல் ஊறவைத்த நீரைப் பயன்படுத்துங்கள். எனவே பாட்டியம்மாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்: புகையின்றியும் குடும்ப செபம் சொல்லலாம். கோவிலில் தூபமிடும்போதும் உங்கள் மகன் பின்வாயில் அருகே அமர்வதில் பக்திக் குறைவு ஒன்றுமில்லை.

செயற்கைப் பொருள்களிலும் எச்சரிக்கை வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு நலமுள்ளவரையே மூச்சடைக்கச் செய்யும். அந்துருண்டை வைத்த பெட்டித் துணியைக் கைக்குழந்தைக்கு அப்படியே உடுத்தாதீர்கள். பிறவியிலேயே ஒருவகை இரத்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களை அழித்து மஞ்சள் காமாலை உண்டாக்கும். கரப்பானின் எச்சமும் இரைப்பைத் தூண்டும். இரவில் பாத்திரங்களைக் கழுவி, உணவை மூடி, ஒழுகும் குழாயைச் சரிசெய்தால் அதன் வருகை குறையும்.

கொல்லையில் பார்த்தீனியம் மண்டியிருந்தால், பூக்கும் முன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்குங்கள்; பூத்தபின் அதன் மகரந்தம் காற்றில் வந்துவிடும்.

இனி உங்கள் மகனைப் பற்றி. ஒட்டடை அடிக்கும் நாளும் சுண்ணாம்பு அடிக்கும் நாளும் அவன் பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ இருக்கட்டும். தூசி அடங்கி, தரை துடைத்து, சன்னல்களைத் திறந்து வைத்தபின் மறுநாள் வரட்டும். குடில் பெட்டியை முற்றத்தில் வைத்துத் திறவுங்கள். சுரூபங்களை ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தால் அவற்றை அடுக்கும் வேலையை அவன் செய்யலாம். சென்ற ஆண்டின் வைக்கோலைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் அதில் பூஞ்சணம் இருக்கக்கூடும். அதை அவன் தொடவேண்டாம், எருக்குழியில் போட்டுவிடுங்கள். இவ்வாண்டு புது வைக்கோலை வெயிலில் காயவைத்துச் சிறிதளவு பரப்புங்கள். மூன்று அரசர் திருநாள் முடிந்ததும் அதை மாட்டுக்குப் போட்டுவிட்டு, சுரூபங்களை மட்டும் மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள்.