சென்ற பொருளும் சேர்ந்த பயனும்

பொருளை ஈட்டுவதோடும் காப்பதோடும் அரசின் கடமை முடிந்துவிடுவதாக வள்ளுவப் பெருந்தகை கருதவில்லை. காத்த பொருளை உரியவர்க்குப் பகுத்து வழங்கும் திறத்தையும் இறைமாட்சி அதிகாரத்துள் அவர் சேர்த்தே உரைத்தார். முடியாட்சிக் காலத்தில் அப்பகுப்பு மன்னனின் அறவுணர்வைச் சார்ந்திருந்தது. குடியாட்சியிலோ, பகுப்பவரும் மக்களுக்குக் கணக்குக் கூறக் கடமைப்பட்டவர். வரி செலுத்துவோர் யாவர் எனின், கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளி முதலாக நாம் அனைவருமே. ஆதலின் கணக்குக் கேட்கும் உரிமையும் நம் அனைவர்க்கும் உரியது.

அரசின் செலவுகளுள் இருவகை உண்டு. பாலம், பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி முதலியன செலவுக்குப் பின்னரும் நின்று சாட்சி கூறுவன. தரம் குறைந்திருப்பின் வழிப்போக்கனும் கண்டு சொல்லிவிடுவான். மற்றொரு வகை, முடிந்தவுடன் சுவடின்றி மறைந்துவிடுவது. மாணவர்தம் பயணத்திற்கு அரசு தரும் பொருளும், ஊர்த் திருவிழாவிற்கும் பொதுவிழாவிற்கும் அரசு செலவிடும் பொருளும் இவ்வகையின. பேருந்து சென்றுவிடும், பந்தல் பிரிக்கப்பட்டுவிடும். எஞ்சி நிற்பது ஏட்டில் எழுதிய தொகை ஒன்றே. எனவே, கண்ணுக்குத் தெரியாத இச்செலவுகளுக்கே மிகத் தெளிவான கணக்கு வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

விழாவும் பேருந்தும்

திருவண்ணாமலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1989 செப்டம்பர் 30ஆம் நாள் வட ஆர்க்காடு மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டத் தலைநகராகிய இந்நகர், 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஒவ்வொரு முழுநிலா நாளிலும் பதினான்கு கிலோமீட்டர்ச் சுற்றுப் பாதையில் மக்கள் வெள்ளம் மலையை வலம் வருகிறது. கார்த்திகைத் தீபத் திருநாளில் அவ்வெள்ளம் பல இலட்சமாகப் பெருகுகிறது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், காவல், சிறப்புப் பேருந்துகள் எனப் பல துறைகளும் அப்போது இரவு பகலாக உழைக்கின்றன.

இச்செலவு முறையானதா என்று வினவுவோர் உளர். ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 27ஆம் உறுப்பு. ஆயின், இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் அவர்தம் உயிரையும் உடல்நலத்தையும் காத்தல் சமயத்தை வளர்ப்பதாகாது. அரசின் முதற்கடமையே அதுவாகும். வருவோர் எச்சமயத்தவராயினும் நெரிசலில் சிக்குதலும் நீர் வேட்கையும் ஒன்றே. ஆகவே இச்செலவைக் குறை கூறுவதற்கில்லை.

நாம் கேட்க வேண்டிய வினா வேறொன்று. சிறப்புப் பேருந்துகள் எத்தனை இயங்கின என்பது ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது. அப்பேருந்துகள் எந்தெந்த வழித்தடங்களினின்று எடுக்கப்பட்டன? அவ்வழித்தடங்களில் பள்ளி நேரத்துப் பேருந்து அந்நாள்களில் வந்ததா? தீபத்தன்று மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கமே. ஆயினும் விழா பத்து நாள் நடைபெறுவது. அரையாண்டுத் தேர்வுக் காலத்தை ஒட்டியும் அமைவது. வருகின்ற அடியார்க்கு வண்டி கொடுத்த அரசு, காத்து நின்ற மாணவிக்கும் மறுமொழி கூறல் வேண்டுமன்றோ? விழாக் கணக்கில் இந்த ஒரு வரி சேர்ந்தாலன்றி அக்கணக்கு முழுமை பெறாது.

மலையில் ஒரு பயணம்

இம்மாவட்டத்தின் மேற்கே ஜவ்வாது மலை உள்ளது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும் மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளியும் இருத்தல் வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய விதி. எட்டாத் தொலைவில் வாழும் பிள்ளைகட்குப் போக்குவரத்துப் படியும் வழித்துணைப் படியும் வழங்க ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடமுண்டு. மலைப்பாதையில் தனியே நடக்கும் சிறுமிக்கு இப்படி ஒரு சலுகையன்று; பள்ளிக்கும் அவளுக்கும் இடையே உள்ள ஒரே பாலம்.

அப்பாலத்தின் நிலை யாது? மைய அரசின் ‘பி.எம். ஸ்ரீ’ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையொப்பமிட மறுத்ததை அடுத்து, 2024-25ஆம் ஆண்டுக்கு மேற்கூறிய ஒருங்கிணைந்த திட்டத்தின்படி வரவேண்டிய மையப் பங்கு ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் தரப்படவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கொள்கையில் எவர் பக்கம் நியாயம் என்பது தனி வழக்கு. ஆயினும் ஒன்று கூறலாம். இரு அரசுகளும் ஒன்றன்மேல் ஒன்று குற்றம் சாட்டியபோது, இவ்வாண்டில் இப்பள்ளியில் இத்தனை பிள்ளைகட்கு வழிப்படி கிடைத்தது, இத்தனை பேர்க்குக் கிடைக்கவில்லை என்று மலைவாழ் பெற்றோருக்கு எடுத்துரைக்க எவரும் முன்வந்திருத்தல் வேண்டும். கொடுப்பவர் இருவராயின் பொறுப்பு இரட்டிப்பாதலே முறை. நம் நாட்டிலோ அது பாதியாகிவிடுகிறது.

அதே மலையில் அரசின் சார்பில் கோடை விழாவும் நடைபெறுகிறது. மலையின் வளத்தை உலகறியச் செய்யும் நல்விழா அது. பள்ளி மாணவர்க்கென 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவும், அதில் வென்றோரை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவிற்கு அழைத்துச் செல்வதும் பாராட்டுக்குரியனவே. ஏழை வீட்டுப் பிள்ளை வானூர்தி ஏறும் காட்சி யாருக்குத்தான் மகிழ்ச்சி தராது? அப்பயணத்திற்குப் புகைப்படம் உண்டு. அன்றாடம் பள்ளிக்கு நடக்கும் பயணத்திற்குப் புகைப்படம் இல்லை. படம் எடுக்கப்பெறாத பயணத்திற்கும் ஏட்டில் இடம் தருவதே பொறுப்புள்ள அரசின் அடையாளம்.

எண்ணப்படுவதும் எண்ணப்படாததும்

மாணவர் பேருந்துக் கட்டணச் சலுகைக்காகத் தமிழ்நாடு அரசு 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1,782 கோடி ரூபாய் ஒதுக்கியது. மகளிர் கட்டணமில்லாப் பயணத்திற்கு 3,600 கோடி ஒதுக்கியது. இரண்டும் பெருந்தொகைகள், இரண்டும் போற்றத்தக்க நோக்கமுடையவை. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மகளிர் பேருந்தில் ஏறினால் நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைத் தருகிறார். அச்சீட்டால் நாள்தோறும் எத்தனை மகளிர் பயணம் செய்தனர் என்பது தெரிந்துவிடுகிறது. மாணவரோ அட்டையைக் காட்டியோ சீருடையைக் காட்டியோ பயணம் செய்கின்றனர். அட்டைகள் எத்தனை வழங்கப்பட்டன என்பது தெரியும். நேற்றுக் காலை எட்டு மணிக்கு எத்தனை பேர் ஏறினர், எத்தனை பேரை ஏற்றாமல் வண்டி நிற்காது சென்றது என்பது தெரியாது. படிக்கட்டில் தொங்கிச் செல்லும் மாணவனைக் கண்டித்து அறிவுரை கூறுகிறோம். அவ்வழித்தடத்திற்கு மற்றொரு பேருந்து தேவை என்று காட்டும் புள்ளிவிவரத்தை நாம் தொகுக்கவேயில்லை.

செலவு பயனாயிற்றா என்று அளந்து காண இயலும் என்பதற்குப் பீகார் மாநிலம் சான்று. அங்கு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கும் திட்டம் தொடங்கியது. பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதனை ஆராய்ந்து, மாணவியர் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது எனவும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே அவ்வுயர்வு மிகுதி எனவும் கண்டனர். எத்தனை மிதிவண்டி என்பதோடு நில்லாது, எத்தனை பெண்கள் பள்ளிக்கு வந்தனர் என்று வினவியதால் கிடைத்த விடை அது.

நம் இல்லத்துக் கணக்கு

பிறர்க்குக் கூறும் நீதியை நமக்கும் பொருத்திப் பார்த்தல் அறமாகும். ஹஜ் பயணத்திற்கு மைய அரசு அளித்த மானியம் பெரிதும் வானூர்திக் கட்டணத்தின் பொருட்டே செலவாயிற்று. இதனால் பயன் பெற்றவர் பயணியா, வானூர்தி நிறுவனமா என்ற வினா நம்மிடையேயே எழுந்ததுண்டு. 2012 மே மாதம் உச்சநீதிமன்றம் அம்மானியத்தைப் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாகக் குறைத்து நீக்குமாறு பணித்தது. அப்பொருளைச் சமுதாயத்தின் கல்விக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடல் நன்று எனவும் கூறியது. 2018 சனவரியில் மானியம் நீக்கப்பட்டபோது, அப்பணம் சிறுபான்மைப் பெண்களின் கல்விக்குப் பயன்படும் என அமைச்சர் அறிவித்தார். அவ்வறிவிப்பை நம்மில் பலர் வரவேற்றனர்.

பின்னர் நிகழ்ந்தவை யாவை? 2022-23 முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்க்குரிய மைய அரசின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் அவ்வாண்டே நின்றது. மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடுமாறு 2024 பிப்ரவரியில் ஆணை பிறந்தது. இவற்றிற்கு அரசு காரணங்கள் கூறியிருக்கலாம். பயணத்தினின்று எடுத்த பொருள் எந்தப் பெண்ணின் பள்ளிக்கு எவ்வழியே சென்றது என்று காட்டும் கணக்கு ஒன்றையே நாம் கேட்கிறோம். தமிழ்நாடு அரசு ஹஜ், எருசலேம், மானசரோவர், முக்திநாத் ஆகிய பயணங்களுக்கு உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. அவற்றிற்கும் இதே அளவுகோல் பொருந்தும். உதவி பெற்றவர் எத்தனை பேர், எம்முறையில் தேர்ந்தனர் என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும்.

கணக்குக் கேட்கும் மரபு

கணக்குக் கேட்டல் நமக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூரில் பொறித்த கல்வெட்டுகள், வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைத் தேர்தலில் பங்கு பெறலாகாது என விதித்தன. அம்முறையில் இக்காலத்திற்கு ஒவ்வாதனவும் உண்டு. எனினும் கணக்குக் காட்டாதவன் மீண்டும் பொறுப்பேற்கத் தகாதவன் என்ற கொள்கை மறக்கத்தக்கதன்று. அண்மைக் காலத்தில், 1994இல் இராசத்தான் மாநிலச் சிற்றூர்களில் உழவர் உழைப்பாளர் சக்தி அமைப்பு மக்கள் மன்றம் கூட்டி, அரசுப் பணிகளின் வருகைப் பதிவேட்டையும் பற்றுச்சீட்டுகளையும் உரக்கப் படித்துக் காட்டியது. தங்கள் பெயரில் எழுதப்பட்ட கூலியைத் தாங்கள் பெறவில்லை என்று எளிய மக்கள் எழுந்து கூறினர். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு அவ்வியக்கம் ஒரு வித்தாயிற்று.

அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் ஒதுக்கீட்டையும் பயனாளிகளின் விவரத்தையும் எவரும் கேளாமலே வெளியிடுமாறு அதிகாரிகளைப் பணிக்கிறது. கேட்டாலோ முப்பது நாளில் விடை தரல் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பள்ளிக்கு வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று கண்காணித்தல் அக்குழுவின் கடமை. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வகை செய்யப்பட்டுள்ளது. கருவிகள் உள்ளன, அவற்றைக் கையிலெடுப்போரே குறைவு.

கணக்குக் கேட்டால் அதிகாரிகள் அஞ்சிச் செலவே செய்யாது விட்டுவிடுவர் என்பார் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆனால் நேர்மையான அலுவலர்க்கு வெளிப்படையான கணக்கே காவல். மறைவான ஏட்டில் அவர்தம் நற்பணியும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது.

எனவே மூன்று செயல்களை வேண்டுவோம். ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் அப்பள்ளி மாணவர்தம் பயண உதவிக்கு வந்த தொகையும், பெற்றோர் எண்ணிக்கையும், நிலுவையும் எழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு பெருவிழாவிற்குப் பின்னும் துறைவாரியான செலவும், பள்ளி வழித்தடங்களினின்று எடுத்த பேருந்துகளின் விவரமும் ஒரு திங்களுக்குள் வெளிவரல் வேண்டும். இவையனைத்தும் எளிய தமிழில் அமைதல் வேண்டும். அலுவலகத் தமிழ் கற்றோர்க்கும் கடினமாக இருப்பின், மலையூர்ப் பெற்றோர் எங்ஙனம் வினவுவர்?

இம்மூன்றாவது பணியில் தமிழ் பயிலும் நம் மாணவர்க்கு உரிய பங்குண்டு. ஒரு மானியக் கோரிக்கையைப் படித்துப் பத்து வரிகளில் தெளிவாக எழுதித் தருவதும், எழுத அறியாத தாய்க்கு ஒரு தகவல் மனு வரைந்து கொடுப்பதும் தமிழ்த் தொண்டே. விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும் மாணவர், ஊர்ப் பள்ளிக்குச் சென்று, நம் பிள்ளைகளின் பயணத்திற்கென வந்தது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு என்று பணிவோடு கேட்பாராக. விடை கிடைக்குமாயின் பாராட்டி எழுதுக. கிடைக்காதாயின் மீண்டும் கேட்க.